சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எங்கள் பாட்டியின் தாத்தா பட்டாளத்தில் இருந்தாராம். அவர் எங்கே போயிருப்பார், என்ன சம்பளம் வாங்கியிருப்பார்?" சென்னையில் பழைய செய்திகளைத் தேடும் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் பலர். ஜெனரல்களுக்குச் சிலைகள் இருக்கின்றன, வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. வரிசையில் துப்பாக்கியோடு நின்றவனைப் பற்றி அவன் குடும்பத்தாருக்கே ஒன்றும் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்னை ராணுவத்தில் காலாட்படைச் சிப்பாயாக இருந்த அந்த மனிதரைப் பற்றி என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சென்னை ராணுவம் என்பது எது? அது பிரிட்டிஷ் ராணுவம்தானே?

இல்லை, இரண்டும் வேறு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வங்காளம், பம்பாய், சென்னை என்று மூன்று மாகாணங்களில் மூன்று தனித்தனிப் படைகள் இருந்தன. சென்னைப் படையின் தலைமையிடம் புனித ஜார்ஜ் கோட்டை. படைவீரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த மண்ணின் மக்கள். மேல் அதிகாரிகள் வெள்ளையர்கள். இவர்களைத் தவிர, இங்கிலாந்து அரசரின் சொந்தப் படைப்பிரிவுகளும் இங்கே வந்து தங்கிப் போயின. உங்கள் முன்னோர் தமிழராக இருந்து சிப்பாயாகவும் இருந்திருந்தால், அவர் பெரும்பாலும் 'சென்னை உள்நாட்டுக் காலாட்படை' என்ற பிரிவில்தான் இருந்திருப்பார். 1857-இல் அந்தப் பிரிவில் 52 ரெஜிமென்டுகள் இருந்தன.

கம்பெனி ஆட்சி 1858-இல் முடிந்து படை விக்டோரியா அரசியின் பெயருக்கு மாறியது. ஆனாலும் சென்னைப் படை 1895 வரை தனிப்படையாகவே நீடித்தது.

'பட்டாளம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

'பட்டாலியன்' என்ற ஐரோப்பியச் சொல்தான் நம் வாயில் பட்டாளம் ஆயிற்று. 'சிப்பாய்' பாரசீகத்திலிருந்து வந்தது. வடசென்னையில் பெரம்பூர் பாரக்ஸ் ரோட்டை ஒட்டி ஒரு பகுதிக்கே பட்டாளம் என்று பெயர். தினமும் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறி இறங்குகிறோம். அங்கே படை தங்கியிருந்த நினைவுதான் அந்தப் பெயரிலும் அந்தச் சாலையின் பெயரிலும் தங்கியிருக்கிறது.

யார் யார் சேர்ந்தார்கள்? குறிப்பிட்ட சாதியினர் மட்டுமா?

தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று பலரும் இருந்தார்கள். வங்காளப் படையில் உயர்சாதியினரைத் தேடித் தேடி எடுத்தார்கள். சென்னைப் படையில் அந்தப் பிடிவாதம் குறைவு. ரெஜிமென்டின் உட்பிரிவுக்கும் 'கம்பெனி' என்றுதான் பெயர்; அப்படி ஒரே கம்பெனியில் பல சாதியினர் தோளோடு தோள் நின்றார்கள். பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள், குறிப்பாகப் பாலம் கட்டவும் பாதை அமைக்கவும் இருந்த 'சாப்பர்' பிரிவில், பெரும் எண்ணிக்கையில் பணியாற்றினார்கள். அந்தச் சாப்பர்களைத்தான் ராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்று அழைக்கிறார்கள்.

ஊரில் சேரிக்கு வெளியே செருப்புப் போட்டு நடக்க முடியாத ஒருவர் சீருடை அணிந்து, கையில் ஆயுதம் ஏந்தி, மாதம் தவறாமல் ரொக்கச் சம்பளம் வாங்கினார். அந்த மாற்றம் அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! பட்டாளத்தில் சேர்ந்ததற்கான காரணத்தைத் தேடுகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சம்பளம் எவ்வளவு? அது போதுமானதாக இருந்ததா?

மாதம் 7 ரூபாய். சென்னையில் வராகன் என்ற பொற்காசு புழங்கிய காலத்தில் ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். அந்தக் கணக்கில் இது 2 வராகன். 1818-இல் வராகன் போய் ரூபாய் வந்தது. அதன் பிறகும் அந்த 7 ரூபாய் அசையவில்லை. 1895-இல்தான் அது 9 ரூபாய் ஆனது.

தொடக்கத்தில் 7 ரூபாய் நல்ல சம்பளம்தான். கூலி வேலைக்குப் போகிறவரால் கனவு காண முடியாத தொகை. அதைவிடப் பெரியது அதன் நிச்சயம். மழை பொய்த்தாலும் சம்பளம் பொய்க்காது. ஆனால் அந்த ஏழும் முழுதாக வீடு வந்து சேராது. சாப்பாட்டை அவரே கடைத்தெருவில் வாங்கிக்கொள்ள வேண்டும். உடுப்பின் சில பகுதிகளுக்கும் சில்லறைப் பொருள்களுக்கும் பிடித்தம் உண்டு. நூற்றாண்டு போகப் போக விலைவாசி ஏறியது, சம்பளம் நின்ற இடத்தில் நின்றது. தானிய விலை மிகவும் ஏறினால் ஒரு ஈட்டுத்தொகை கொடுத்தார்கள்.

இதனால்தான் 'பேட்டா' அவ்வளவு முக்கியமாக இருந்தது. ஊரை விட்டுப் படையெடுத்துப் போகும்போதும் கடல் கடக்கும்போதும் தரப்பட்ட கூடுதல் படி அது. இன்று லாரி ஓட்டுநரும் கார் ஓட்டுநரும் கேட்டு வாங்கும் அதே பேட்டாதான். பேட்டாவில் கைவைத்தபோதெல்லாம் பட்டாளத்தில் கொந்தளிப்பு எழுந்தது.

குடும்பத்தை விட்டுவிட்டுத்தான் போனார்களா?

சென்னைச் சிப்பாயின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. வடநாட்டுச் சிப்பாய் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்து, விடுப்பில் போய்ப் பார்ப்பார். சென்னைச் சிப்பாய் அப்படி இல்லை. மனைவி, குழந்தைகள், பல நேரங்களில் வயதான தாய், விதவையான அக்கா எல்லோரும் அவரோடுதான். படைமுகாமில் சிப்பாய்கள் குடியிருந்த வரிசைகளுக்கு 'லைன்' என்று பெயர். வீட்டை அரசு கட்டித் தராது. குடிசை போட ஒரு சிறு தொகை தரும். மண் குழைத்து, மூங்கில் நட்டு, ஓலை வேய்ந்து அவர்களே கட்டிக்கொள்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ரெஜிமென்ட் வேறு ஊருக்கு மாறும். பல்லாவரத்திலிருந்து பெங்களூர், பெல்லாரி, செகந்திராபாத், நாக்பூருக்கு அருகிலுள்ள காம்ட்டி. எல்லாம் நடைப்பயணம்தான். சென்னையிலிருந்து நாக்பூர் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். நாளொன்றுக்குப் பதினாறு பதினெட்டுக் கிலோமீட்டர் என்றால், இடையில் தங்கும் நாள்களையும் சேர்த்து, இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். வெயிலுக்கு முன் கணிசமான தூரத்தைக் கடந்துவிட விடியலுக்கு முன்பே கிளம்புவார்கள். முன்னால் சிப்பாய்கள், பின்னால் மாட்டுவண்டிகள். வண்டியில் அடுப்பு, பானை, குழந்தை. பல பெண்கள் நடந்தே போனார்கள். அடுத்த முகாமில் கணவனுக்கு முன்பே அடுப்பு மூட்டியவர்களும் இருந்திருப்பார்கள். வழியில் பிள்ளை பெற்றவர்கள், வழியிலேயே பிள்ளையைப் புதைத்தவர்கள் எத்தனை பேரோ.

செகந்திராபாத்திலும் பெங்களூர் கண்டோன்மென்டிலும் பரம்பரையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல இப்படிப் போனவைதான். உங்கள் வீட்டில் "தாத்தா பிறந்தது காம்ட்டியில்" என்று யாராவது சொன்னால் அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். அது ஒரு வலுவான தடயம்.

சிப்பாயின் மகனுக்கும் படையில் இடம் இருந்தது. சிறுவனாக இருக்கும்போதே 'ரெக்ரூட் பாய்' என்ற பெயரில் ஒரு சிறு சம்பளத்தில் சேர்த்துக்கொள்வார்கள். வளர்ந்ததும் சிப்பாய். தகப்பனை இழந்த வீட்டுக்கு அந்தச் சிறுவனின் காசுதான் சோறு.

கையில் என்ன துப்பாக்கி இருந்தது?

நூற்றாண்டின் முதற்பாதியில் 'பிரவுன் பெஸ்' என்று பெயர் பெற்ற சக்கிமுக்கித் துப்பாக்கி. சுமார் நாலரைக் கிலோ எடை. முனையில் மாட்ட ஈட்டி போன்ற ஒரு நீண்ட கத்தி.

ஒரு குண்டைச் சுடுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். இடுப்புப் பையிலிருந்து காகிதத் தோட்டாவை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் வெடிமருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணத்தில் போட்டு மூட வேண்டும். மிச்ச மருந்தையும் ஈயக் குண்டையும் காகிதத்தோடு குழாயின் வாயில் போட்டு, இரும்புக் கோலால் அடிவரை இடிக்க வேண்டும். கோலை எடுத்து இடத்தில் செருக வேண்டும். பிறகு தோளில் வைத்து விசையை இழுத்தால், சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறந்து, கிண்ணத்து மருந்து பற்றி, உள்ளே தீ போய்க் குண்டு கிளம்பும். தேர்ந்தவர் இதை ஒரு நிமிடத்தில் மூன்று முறை செய்வார். நாக்கில் மருந்தின் உப்பு, முகத்தில் கரி, கண்ணெதிரே வெள்ளைப் புகை. நூறு கெஜத்துக்கு அப்பால் குறி என்பது பேருக்குத்தான். அதனால்தான் தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள். நாளெல்லாம் கவாத்துப் பழகியதும் இதற்காகத்தான்.

மழையில் இந்தத் துப்பாக்கி வெறும் கட்டைதான். அதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கடல் கடந்தும் போனார்களா? சாதிக்கட்டு தடுக்கவில்லையா?

போனார்கள். 1810-இல் மொரிஷியஸ், 1811-இல் ஜாவா, 1824-இல் பர்மா, 1840-இல் சீனா. கடல் தாண்டும் போர் என்றால் கம்பெனி முதலில் திரும்பிப் பார்த்தது சென்னைப் படையைத்தான். ஆனாலும் எப்போதும் மனமுவந்து போனார்கள் என்று எண்ண வேண்டாம். 1780-இல் விசாகப்பட்டினத்தில், கப்பலேற மறுத்துச் சிப்பாய்கள் கலகம் செய்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆளுயர அலைகள். ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில்தான் போக வேண்டும். ஆணியடித்த படகு அந்த அலையின் அடியில் பிளந்துவிடும். கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும். வயல்காட்டு ஊரிலிருந்து வந்து, அதுவரை கடலையே பார்த்திராத ஒருவர் மூட்டையையும் துப்பாக்கியையும் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்தப் படகில் உட்கார்ந்திருக்கிறார். கரையில் மனைவி நிற்கிறாள். இன்று மாலையில் நாம் காற்று வாங்கும் அதே கடற்கரைதான்.

1824 மே 11 அன்று ரங்கூன் பிடிபட்டது. ஆனால் ஊர் காலி. மக்கள் தானியத்தோடும் மாடுகளோடும் உள்ளே போய்விட்டார்கள். பருவமழை பிடித்துக்கொண்டது. கெட்டுப்போன உணவு, காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, பல் ஈறு அழுகும் ஸ்கர்வி. 1826-இல் போர் முடிந்தபோது, குண்டுபட்டு இறந்தவர்களைவிட நோயில் மாண்டவர்கள் பல மடங்கு அதிகமாக இருந்தார்கள். அயல்நாட்டில் இறந்தவரின் வாரிசுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. போகும்போதே சம்பளத்தில் ஒரு பங்கை இங்குள்ள மனைவிக்கோ தாய்க்கோ மாதாமாதம் கொடுக்கும்படி எழுதிவைத்துவிட்டும் போகலாம்.

சீனாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1841 மே மாத இறுதியில், கான்டன் நகருக்கு வெளியே, 37ஆவது சென்னைக் காலாட்படையின் ஒரு கம்பெனி பெருமழையில் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிட்டது. சுற்றிலும் ஈட்டிகளோடு ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள். மருந்து நனைந்துவிட்டதால் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. நான்கு புறமும் பார்த்தபடி சதுரமாக நின்று, துப்பாக்கிமுனைக் கத்திகளை மட்டுமே நீட்டிக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் தேடிவந்து மீட்டார்கள். அந்த நல்ல துப்பாக்கி சிப்பாய்க்குத் தரப்படவில்லை என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். தம் ஊரைக் காக்க ஈட்டி எடுத்த அந்தச் சீன விவசாயிகளை நினைத்தாலும் அப்படித்தான்.

வேலூர்ப் புரட்சியில் ஈடுபட்டவர்களும் இந்தச் சிப்பாய்கள்தானா?

ஆமாம். 1806 ஜூலை 10, விடியலுக்கு முந்தைய இருட்டில் வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்கள் சென்னைப் படையின் சிப்பாய்கள்தான். தலைமைத் தளபதி கிரடாக் புதிய விதிகள் கொண்டுவந்திருந்தார். அணிவகுப்பில் நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசையைச் சொன்ன அளவில் நறுக்க வேண்டும். அதோடு தோல் பட்டயம் வைத்த ஒரு புதிய தலைப்பாகை. பார்க்க ஐரோப்பியத் தொப்பி போலிருந்தது. 'தொப்பிக்காரன்' என்றால் அன்று வெள்ளையன் என்று பொருள். அதை அணிந்து ஊருக்குப் போனால் பெண் கொடுப்பார்களா, பந்தியில் உட்கார வைப்பார்களா? மறுத்தவர்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து கசையடி கொடுத்தார்கள்.

கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மகன்களின் பெயரால் மைசூர்க் கொடி ஏறியது. வெள்ளையர் படையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்று நண்பகலுக்குள் கோட்டையைப் பிடித்தார். பிறகு நடந்தது பழிவாங்கல். சரணடைந்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். புதிய தலைப்பாகை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கலகத்தில் ஈடுபட்ட படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன.

கசையடி வழக்கமான தண்டனையா?

ஆம். வேலூருக்குப் பிறகு இங்கிலாந்து திரும்பிய அதே பென்டிங்க் பின்னாளில் கவர்னர் ஜெனரலாக வந்து, 1835-இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடியை ஒழித்தார். பத்தே ஆண்டுகளில், 1845-இல், அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எதிர்ப்பு என்றால் வேலூர் ஒன்றுதானா?

பெரிய எழுச்சி அதுதான். ஆனால் சிறியவற்றையும் மறக்கக் கூடாது. 1844-இல் 47ஆவது சென்னைக் காலாட்படையைச் சிந்து மாகாணத்துக்கு அனுப்பினார்கள். சென்னையில் கூடுதல் படி தருவதாக வாக்குறுதி. அதை நம்பித்தான் குடும்பத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். பம்பாயில் இறங்கியதும் அந்தப் படி கிடையாது என்று தெரிந்தது. குடும்பத்துக்கு ஒதுக்கியது போகக் கையில் என்ன மிஞ்சும்? அணிவகுப்பில் கட்டளைக்குப் பணிய மறுத்தார்கள். சொன்ன காசைக் கொடு என்று கேட்டவர்களுக்குச் சட்டம் வைத்த பெயர் கலகக்காரர்கள்.

ஒரு சிப்பாய் எவ்வளவு உயரம் வரை போக முடியும்?

சிப்பாய், நாயக், அவில்தார், ஜமேதார், சுபேதார், கடைசியாகச் சுபேதார் மேஜர். ஜமேதாரானாலே தலை நரைத்துவிடும். முப்பது ஆண்டு பணி செய்து, மூன்று போர்களைக் கண்ட சுபேதாரும், கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய பதினெட்டு வயது வெள்ளைக்கார இளைஞருக்கு சல்யூட் வைத்தாக வேண்டும். அதற்கு மேல் கதவு கிடையாது.

1857-இல் வடக்கே சிப்பாய்ப் புரட்சி வெடித்தபோது சென்னைப் படை என்ன செய்தது?

பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. சென்னையிலிருந்து வடக்கே போய்க் கொடுமைகள் செய்தவர் கர்னல் நீல். ஆனால் அவருடைய படை வெள்ளையர்கள் அடங்கிய பிரிவு, சிப்பாய்ப் படை அல்ல. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை எதிர்த்து 1927-இல் போராட்டம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அரசு அதை அகற்றியது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் இவர்கள் வெள்ளையனுக்காகச் சொந்த நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு, வெட்கத்தோடு கேட்பவர்களும் உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன். அந்தப் படை இல்லாமல் கம்பெனி இந்த நாட்டைப் பிடித்திருக்க முடியாது. பர்மாவிலும் சீனாவிலும் அது செய்தது அநியாயப் போர். இதை மறைக்கக் கூடாது. ஆனால் சிப்பாயின் கண்ணில் 'இந்தியா' என்ற ஒரே நாடு அன்று இல்லை. நவாபிடமும் பாளையக்காரரிடமும் சம்பளம் பாக்கி நின்ற காலத்தில், மாதம் பிறந்தால் காசு கொடுத்த முதலாளி கம்பெனி. வேலூரில் எழுந்தவர்களும், பம்பாயில் பேட்டா கேட்டு நின்றவர்களும், கான்டனில் மழையில் சதுரம் கட்டி நின்றவர்களும் ஒரே ஊர்த் தெருக்களிலிருந்து போனவர்கள். ஒருவரைத் தியாகி என்றும் அடுத்தவரைத் துரோகி என்றும் பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

பிறகு ஏன் தமிழர்களைச் சேர்ப்பது குறைந்தது?

1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராகவும், பின்பு இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு லாயக்கற்றவர்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தார். சில சாதிகளும் சில நிலப்பகுதிகளும்தான் வீரம் விளைவிக்கும் என்பது அந்தக் காலத்துக் கொள்கை. அது கலப்படமற்ற பொய். ஆனால் அதன் பேரில் ரெஜிமென்டுகள் கலைக்கப்பட்டன. பெயர் அப்படியே இருக்க, உள்ளே பஞ்சாபியரும் கூர்க்காக்களும் நிரப்பப்பட்டார்கள். பரம்பரையாகப் பட்டாளத்தையே நம்பியிருந்த லைன் குடும்பங்களுக்கு வயிற்றில் அடி விழுந்தது. இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. அதன் சின்னத்திலுள்ள யானை, 1803-இல் அஸ்ஸாயே போரில் சென்னைச் சிப்பாய்கள் சண்டையிட்டதற்குக் கிடைத்த அடையாளம்.

என் முன்னோரைப் பற்றித் தேட எங்கே தொடங்குவது?

வீட்டில் தொடங்குங்கள். வெள்ளைக்கார வீரருக்கு இருப்பதுபோல, சாதாரணச் சிப்பாய்க்குத் தனிப்பட்ட பணிப்பதிவு கிடைப்பது மிக அரிது. எனவே முதலில் வேண்டியது ரெஜிமென்டின் எண். அது தெரிந்தால், அந்த ரெஜிமென்ட் எந்த ஆண்டு எங்கே இருந்தது என்பதை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ராணுவத் துறைப் பதிவுகளைக் கொண்டு தொடரலாம். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் இந்தியா ஆபீஸ் பதிவுகள் இருக்கின்றன. சீருடை, ஆயுதம், பதக்கம் ஆகியவற்றை நேரில் பார்க்கக் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

பழைய பெட்டியில் பதக்கம் இருந்தால், தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். விளிம்பைச் சுற்றிப் பெயரும் ரெஜிமென்ட் எண்ணும் பொறித்திருக்கலாம். முருகேசன் என்பதை ஆங்கிலேய எழுத்தர் எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார். உரக்கப் படித்துப் பாருங்கள். பர்மாப் போருக்கு 1826-இல் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தில் பெயர் இருக்காது. அதில் சிங்கத்தின் முன் ஒரு யானை மண்டியிட்டிருக்கும். அந்தப் பதக்கம் இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டுமே தரப்பட்டது. அதே போரில் இருந்த வெள்ளை வீரர்கள் 1851 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு பித்தளைப் பொத்தான். பாட்டி அதைச் சுருக்குப் பையில் சில்லறையோடு போட்டு வைத்திருந்தார். காசோடு காசாக உரசி உரசி முகப்பு மழுங்கிவிட்டது. விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓர் எண்ணின் முதல் இலக்கம் மட்டும் தெரிகிறது: 3. அடுத்தது 7-ஆக இருக்கலாம், 1-ஆகவும் இருக்கலாம். முப்பதுகளிலுள்ள ரெஜிமென்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.